மூன்று நாட்களுக்கு மேல்

வக்கீலம்மா இறந்துபோன செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. நான் கடையை மூடவில்லை. ஐந்தருவி போகிற சாலையில் நல்ல சாரல். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றவர்களுக்கெல்லாம் என் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தேன். "ஒரு எட்டு செங்கோட்டைக்குப் போயிட்டு வந்திருங்க. நம்ம கடையை மீட்டுத் தந்த பொம்பள" என்றாள் என் மனைவி ரஹ்மத்.

"புளியங்குடியில என்னைய ஏணியில ஏத்துனதும் அதே பொம்பளதான். போகமாட்டேன்" என்றேன்.

பதினான்கு வருஷம் சவூதியில் கிடந்தவன் நான். எத்தனையோ கோபக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கத்துவார்கள், தூக்கி எறிவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். வக்கீலம்மா கத்தமாட்டார், மறக்கவும்மாட்டார். பழி என்ற சொல்லை அவர் வெட்கமே இல்லாமல் சொல்வார். "கேஸுன்னா என்ன பாய்? பழி வாங்குததுதான். நாம ஸ்டாம்பு ஒட்டி வாங்குதோம், அவ்வளவுதான்" என்பார். நான் அதைக் கேட்டு ரசித்துச் சிரித்தவன். என் பக்கம் நின்று அவர் பழி வாங்கிய வரைக்கும் சிரித்தேன்.

தென்காசியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை, அதன் மாடியில் அவர் ஆபீஸ். படி ஏறும்போதே பழவாசனை வரும். சீசனில் ரம்புட்டான், மற்ற நாளில் வறுத்த நிலக்கடலை. வாய் சும்மா இருக்காது. எதிர்த்தரப்பு அனுப்பிய நோட்டீஸை மேசையில் விரித்து, அதன் மேலேதான் கொட்டையைத் துப்புவார். முதல் நாள் அதைப் பார்த்து நான் பதறிப்போனேன்.

"அம்மா, அது கோர்ட்டுக்கு வேணும்லா?"

"ஒரிஜினல் ஃபைல்ல இருக்கு. இது இதுக்குன்னே எடுத்த ஜெராக்ஸ்."

என் கதை இதுதான். ஊருக்குத் திரும்பி, கையிலிருந்ததையெல்லாம் போட்டு, குற்றாலத்தில் ஒரு பெரிய கம்பெனியின் டீக்கடையை ஃபிரான்சைஸ் எடுத்தேன். பெயரும் பக்குவமும் அவர்களுடையது, இடமும் உழைப்பும் நம்முடையது. குற்றாலத்தில் கடை வைத்தவனுக்கு வருஷம் என்பது மூன்று மாதம்தான். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் பிழைப்பு, இல்லையென்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் என் மகள் நிக்காஹை மே மாதத்தில் வைத்தேன். அருவியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, பன்னிரண்டு நாள் கடையைச் சாத்தினேன்.

கம்பெனியின் ஏரியா மேனேஜருக்கு அந்த இடத்தின்மேல் ரொம்ப நாளாகவே கண். தன் மச்சினனை அங்கே உட்காரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: சீசன் காலத்தில் தொடர்ச்சியாக மூன்று நாட்களுக்கு மேல் கடையை மூடினால் ஒப்பந்தம் ரத்து. அதைப் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் விட்டான். ஜூன் முதல் வாரம், முதல் சாரல் விழுந்த அன்று, ஏணி போட்டு ஏறி, அத்தனை பேர் பார்க்க அவனே என் கடைப் போர்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். ரஹ்மத் பால் பாத்திரத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். அவனைக் கீழே தள்ளிக் கொன்றுவிடலாம் என்று எனக்கு வந்தது. பொய் சொல்லவில்லை.

அப்படித்தான் அந்த மாடிப்படியை ஏறினேன். வக்கீலம்மா நோட்டீஸைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். "கோர்ட்டு லீவு பாத்து அனுப்பியிருக்கான். எவனோ படிச்சவன் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார். பிறகு ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு பாய்?"

"இருபத்தேழு பக்கம்மா. இங்கிலீஷு."

"வாசிங்க."

"நானா?"

"பின்ன, கையெழுத்துப் போட்டது நானா? சத்தமா வாசிங்க."

வாசித்தேன். கூனிக் குறுகி, எழுத்துக் கூட்டி, சவூதியில் கற்றுக்கொண்ட அரைகுறை இங்கிலீஷில் வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் "என்ன அர்த்தம்?" என்று கேட்பார். தெரியாது என்றால் மறுபடி வாசிக்கச் சொல்வார். அவரிடம் வந்த எல்லோரையும் இப்படித்தான் வாசிக்கவைப்பார் என்று பிறகு தெரிந்தது. அந்த ஊரில் அதற்காகவே அவரை வாத்திச்சி வக்கீல் என்று கேலி பேசுவார்கள். எனக்கோ போர்டு போன வயிற்றெரிச்சல், இந்த அம்மா பாடம் நடத்துகிறதே என்று ஆத்திரமாக வந்தது. பதினெட்டாம் பக்கத்தில் கையை உயர்த்தினார்.

"நில்லுங்க. அந்தச் சொல்லைத் திரும்ப வாசிங்க."

"சீசன்."

"சீசன்னா எப்பம்னு இதுல எங்கயாவது சொல்லியிருக்கானா?"

தேடினேன். எங்கும் இல்லை.

"மே மாசம் குத்தாலத்துல என்ன இருக்கும் பாய்?"

"பாறைதாம்மா இருக்கும்."

அன்றுதான் அவர் சிரித்து முதலில் பார்த்தேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தை ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எனக்கு நீட்டியிருக்கிறார்கள். கடைசிப் பக்கம் வந்தபோது இன்னும் சந்தோஷம் அவருக்கு. வழக்கு வந்தால் எந்த ஊர் கோர்ட்டு என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு, நிரப்பாமல் விட்டிருந்தார்கள். "கோடு போட்டு வச்சுட்டுப் போயிருக்கான் பாருங்க. இதுல தென்காசின்னு நான் எழுதுதேன்" என்றார்.

"தோத்துருவானாம்மா?"

"தோக்கது பெரிசில்ல பாய். தோத்ததை அவன் மறக்கக் கூடாது."

எனக்கு அந்த நிமிஷமே அந்த அம்மாவைப் பிடித்துப்போனது.

இன்னொரு நாள் கையெழுத்துப் போடும்போது பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஏதோ கம்பெனிப் பெயர், ஒரு கம்ப்யூட்டர் படம், செங்கோட்டை என்று பாதி உரிந்த ஸ்டிக்கர். ஒரு பெயர்ப்பலகையைக் குப்புறப் போட்டு, கால் வைத்து மேசையாக்கியிருந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் செங்கோட்டையில கம்ப்யூட்டர் கிளாஸ் வச்சிருந்தோம். உங்களுக்கு மாதிரிதான், பேரு அவங்களுது. ஒருநாள் கிளாஸ் நடந்துகிட்டு இருக்கையில வந்து போர்டைக் கழட்டிட்டாங்க. வண்டிக்குள்ள கொள்ளலன்னு ரோட்டுலயே போட்டுட்டுப் போனாங்க. நாங்க வாசிக்காத வரி ஒண்ணு, பதினாறாம் பக்கம். அதுக்குப் பெறவு எங்க வீட்டுக்காரரு அந்தக் கடைத்தெரு வழியா நடக்கவே இல்ல. சுத்தித்தான் போவாரு. சாவுத வரைக்கும் சுத்தித்தான் போனாரு."

அதன்பிறகுதான் தினமும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் சட்டம் படித்திருக்கிறார்.

"அந்த ஆளைக் கண்டுபிடிச்சியளா?" என்று கேட்டேன்.

"அவன் எங்கயோ போயிட்டான். எனக்கு எவன் போர்டைக் கழட்டுதானோ, அவன்தான் அவன்."

சொல்லிவிட்டு ஒரு ரம்புட்டானை உரித்தார். எனக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது. ஆனாலும் நல்லது, நமக்கேற்ற ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிரும். கம்பெனிக்காக வந்த பெரிய வக்கீல் எழுந்து, மலைப்பகுதிச் சுற்றுலாத் தலங்களில் சீசன் என்றால் ஏப்ரல், மே என்று கணீரென்று சொன்னார். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினார். பெஞ்ச் கிளார்க் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற ஒரு இலத்தூர்க்காரர், "மே மாசம் குத்தாலத்துல என்னத்த குளிக்கப் போறான், மண்ணையா?" என்று கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை. எட்டடி ஃப்ளெக்ஸ் ஒன்றை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி விரித்தார். கம்பெனியே அச்சடித்து எனக்கு அனுப்பிய விளம்பரம் அது. விறகு நனையாமல் இருக்க அதைப் போட்டு மூடி வைத்திருந்தேன். "குற்றால சீசன் கொண்டாட்டம்! ஜூன், ஜூலை, ஆகஸ்ட்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. போட்டோ போதுமே என்று நான் முன்னமே சொன்னேன். "போதாது. அவன் பேரு அவன் கண்ணு முன்னால ஆடணும்" என்றிருந்தார்.

நான் சத்தியம் செய்து கோர்ட்டுக்குக் கொடுத்த அபிடவிட்டில் ஒரு வரி எழுதியிருந்தார். சீசன் என்ற சொல்லுக்கு அந்தந்த ஊரார் என்ன பொருள் கொள்கிறார்களோ அதுவே பொருள் என்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியை மட்டும் மூன்று முறை என்னைச் சத்தமாக வாசிக்கவைத்தார். ஏன் மூன்று முறை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

தடையுத்தரவு கிடைத்தது. கம்பெனி சமாதானத்துக்கு இறங்கி வந்தது. எனக்குக் கடை வந்தால் போதும் என்று இருந்தது. அவருக்குப் போதவில்லை. சமாதான மனுவில் முதல் நிபந்தனையாக அவர் எழுதியது: போர்டைக் கழற்றியவரே நேரில் வந்து மாட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து வரச்சொன்னார். ஏரியா மேனேஜர் வந்தான். சாரலில் ஏணி வழுக்கியது. எதிர்க்கடை வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் ரம்புட்டானோடு வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். அவன் போர்டைத் தூக்கிப் பிடித்தபோது கை நடுங்கியது. கார் கண்ணாடியை இறக்கி அவன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்; பிறகு ஏற்றிவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. வக்கீலம்மா அங்கிருந்தே சொன்னார்:

"வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. கொஞ்சம் தூக்குங்க."

அவன் தூக்கினான்.

"இப்பம் இடப்பக்கம்."

ஐந்து முறையாவது ஏற்றி இறக்க வைத்தார். போர்டு முதலிலேயே நேராகத்தான் இருந்தது.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நான் அந்தக் கம்பெனியைத் தலைமுழுகினேன். அதே இடத்தில் 'ஈரத்தலை டீ' என்று நானே ஒரு பெயர் வைத்துத் தொடங்கினேன். சுக்கு, மிளகு, கருப்பட்டி. எல்லாம் என் பக்குவம். அல்ஹம்துலில்லாஹ், பிய்த்துக்கொண்டு போனது. எங்களுக்கும் கொடுங்கள் என்று ஆட்கள் வந்தார்கள். வக்கீலம்மாவிடம் ஓடினேன், ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்று.

"எழுத மாட்டேன்" என்றார்.

"ஏம்மா? என்ன கேட்டாலும் தாரேன்."

"நான் கையெழுத்து வாங்குதவனுக்கு எழுதுறதில்ல பாய். போடுதவனுக்குத்தான் வாசிப்பேன். நல்லாருங்க, போயிட்டு வாங்க."

எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. போ, நீ இல்லாவிட்டால் என்ன என்று கீழே ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்து, கம்பெனியின் பழைய ஒப்பந்தத்தில் பெயரை மாற்றி டைப் அடிக்கச் சொன்னேன். கோர்ட்டு என்ற கோட்டில் மறக்காமல் தென்காசி என்று நிரப்பினேன். நாம் யார், பட்டுத் தெரிந்தவனல்லவா! சீசன் என்ற இடம் வந்ததும் டைப் அடிக்கிற பெண், "மாசம் போடணுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "ஏட்டி, நம்ம ஊருல சீசன் எப்பம்னு யாருக்குத் தெரியாது?" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது கடைகள் ஆயின. எல்லோரும் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு வாரம் கழிச்சுக் கையெழுத்துப் போட்டுத் தாரோம் அண்ணாச்சி" என்றார்கள். நல்ல நாள் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புளியங்குடிக் கடையை எடுத்தவள் செல்வராணி. புருஷன் எலுமிச்சை லோடு அடிக்கிற லாரி டிரைவர். எலுமிச்சை மார்க்கெட் பக்கம் கடை. அவள் என் பக்குவத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, தனியாக ஒரு டீ போட்டாள். என்னிடம் கேட்கவில்லை. குற்றாலத்தில் என் கடையில் நின்றே ஒருவர், "புளியங்குடி டீ இதைவிட ருசி பாய்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன.

ஜூலையில் அவள் புருஷன் லாரி ஆந்திராவில் கவிழ்ந்து அவருக்குக் கால் முறிந்தது. அவள் கடையைச் சாத்திவிட்டு ஓடினாள். நான்கு நாள். எனக்குச் சங்கதி தெரியும். தெரிந்துதான் ஐந்தாம் நாள் போனேன், ஏணியை எடுத்துக்கொண்டு. சீசனில் மூன்று நாட்களுக்கு மேல் மூடியதால் ஒப்பந்தம் ரத்து என்று காகிதத்தைக் கொடுத்துவிட்டு, நானே ஏறிப் போர்டைக் கழற்றினேன். "அண்ணாச்சி, அவுக ஆஸ்பத்திரியில கெடக்காக" என்றாள். நான் இறங்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தே நாளில் பதில் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் வக்கீலம்மா. புளியங்குடியில் சீசன் என்றால் எலுமிச்சை சீசன், அது கோடையில் வரும். ஜூலையில் அங்கே எந்தச் சீசனும் இல்லை என்று எழுதியிருந்தார். கூடவே சாட்சியாக ஒரு காகிதம். அந்தந்த ஊரார் என்ன பொருள் கொள்கிறார்களோ அதுவே பொருள். கீழே என் கையெழுத்து.

படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

"அம்மா, இது அடுக்குமா? நான் உங்க ஆளும்மா!"

"போர்டு இல்லாம வந்து நின்னீங்களே, அன்னிக்கு என் ஆளு." நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தோல் விழுந்தது நான் செல்வராணிக்குக் கொடுத்த ரத்துக் காகிதத்தின் ஜெராக்ஸில். "இப்பம் போர்டைக் கழட்டினவரு."

"என் ஒப்பந்தத்தை எப்பம் பாத்தீங்க?"

"அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடுததுக்கு முந்தின வாரம். ஒக்காந்து முழுசும் வாசிச்சா. நல்லா வாசிச்சா, உங்களவிட."

"அப்பமே இந்தச் சீசன் ஓட்டை தெரியும்லா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"தெரியும். சொன்னா அடைச்சிருப்பீங்க. கழட்ட வரமாட்டீங்கன்னுதான் நெனச்சேன் பாய். வந்துட்டீங்க."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கோர்ட்டுக்குப் போனால் ஊர் சிரிக்கும். சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டேன். முதல் நிபந்தனை என்னவென்று சொல்லவேண்டுமா?

புளியங்குடியில் மார்க்கெட் நேரம். சுமை இறக்குகிறவர்கள், கமிஷன் கடைக்காரர்கள், லாரிக்காரர்கள், மொத்த ஊரும் நின்றது. வெயிலில் ஏணிக் கம்பி சுட்டது. எதிரே ஸ்டூலில் வக்கீலம்மா. செல்வராணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடக் கூடாது என்று. அதுதான் எனக்கு அவமானத்திலும் அவமானம்.

"வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு பாய். கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். ஏரியா மேனேஜரின் கை ஏன் நடுங்கியது என்று அங்கே தெரிந்தது.

அன்றிலிருந்து அந்தப் பொம்பளையோடு பேச்சு இல்லை. கோர்ட்டு வழியாகப் போவதையே விட்டேன், சுற்றித்தான் போவேன். ஒரு நாள் எனக்கும் வராமலா போகும் என்று காத்திருந்தேன். மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்துப் புது ஒப்பந்தம் எழுதினேன். சீசன் என்றால் எந்த ஊராக இருந்தாலும் ஜூன் முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் முடிய. மூன்று நாட்களுக்கு மேல் மூடினால், காரணம் எதுவானாலும், ரத்து. ஒரு ஓட்டை கிடையாது. ஒன்பது பேரும் ஒரு வாரம் தவணை கேட்டார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று இந்த முறை எனக்குத் தெரியும். போகட்டும், வாசிக்கட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கட்டும் என்று விட்டேன். ஒரு வரி மாற்றாமல் கையெழுத்தாகி வந்தது.

அப்புறம்தான் இந்த ஜூலையில் இந்தச் செய்தி. காலை எட்டு மணிக்கு செல்வராணி போன் செய்தாள்.

"அண்ணாச்சி, நான் கடையைச் சாத்துதேன். வக்கீலம்மா வீட்டுக்குப் போறோம்."

"போறோம்னா? யாரு யாரு?"

"எல்லாரும்தான் அண்ணாச்சி. ஒம்பது கடையும்."

போனை வைத்துவிட்டேன். என் கடை மட்டும் திறந்திருந்தது. மறுநாளும் ஒன்பது கடையும் பூட்டு. மூன்றாம் நாளும் பூட்டு. செங்கோட்டையில் அந்த வீட்டு வாசலிலேயே அடுப்புப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அவர்களே டீ கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். என் பக்குவம், என் டீ! ரஹ்மத் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாங்க, மௌத்து வீட்டு விஷயம்" என்றாள். நான் கேட்கவில்லை. ஒன்பது நோட்டீஸ் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, மேசையில் அடுக்கி வைத்தேன். நாலாம் நாள் விடியட்டும். செத்த பிறகாவது அந்த அம்மா தோற்கட்டும் என்று இருந்தது எனக்கு. அப்படித்தான் இருந்தது, மறைத்து என்ன பயன்?

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் போன் அடித்தது.

"அண்ணாச்சி, செல்வராணி பேசுதேன். கடை தெறந்தாச்சு. பால் பொங்கிட்டு."

"மத்தவங்க?"

"எல்லாரும் தெறந்தாச்சு. மூணு நாளுக்கு மேல ஒரு நாளும் மூடக் கூடாதுன்னு வக்கீலம்மா எங்களைய மூணு மூணு தடவ வாசிக்க வச்சாகள்லா. சரியா மூணு நாளு அண்ணாச்சி."

போனை மேசையில் வைத்தேன். சாலையில் சாரல் வலுத்தது. முந்தின நாள் நான் வாங்கி வந்த ரம்புட்டான் ஒரு பையில் கிடந்தது. ரஹ்மத் தொடவில்லை, நானும் தொடவில்லை. ஒன்றை எடுத்து உரித்து வாயில் போட்டேன். கொட்டையைத் துப்ப, அந்த ஒன்பது நோட்டீஸைத் தவிர மேசையில் வேறு காகிதம் இல்லை.